சின்னப் பிள்ளைகளோடு குடும்ப மரம்: முதலில் அட்டை, அப்புறம் கோடு, கடைசியில்தான் மரம்

இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து எளிய குடும்ப மரம் செய்ய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது, எத்தனை தலைமுறை போதும், மாமா அத்தை சித்தப்பா எல்லாரையும் சேர்க்க வேண்டுமா, அப்பாவோ அம்மாவோ உடன் இல்லாத பிள்ளைக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம் அமையும்.

அச்சடித்த படிவத்தைக் கொடுக்காதீர்கள். மரம் வரைந்து, கிளைக்கொரு கட்டம் போட்டு, ‘அப்பா’, ‘அம்மா’, ‘தாத்தா’ என்று எழுதிவைத்த தாள்கள் எங்கும் கிடைக்கின்றன. ஆசிரியருக்கு வேலை மிச்சம்தான். ஆனால் அந்தத் தாளில் பிள்ளை செய்வது கோடிட்ட இடத்தை நிரப்பும் வேலை. நிரப்ப ஆள் இல்லாத கட்டம் ஒன்று இருந்துவிட்டால், பக்கத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அது காலியாகவே நிற்கும். பாட்டி வளர்க்கும் பிள்ளை, தத்தெடுக்கப்பட்ட பிள்ளை, இரண்டு வீட்டில் மாறி மாறி இருக்கும் பிள்ளை என்று ஒருவராவது உங்கள் வகுப்பில் இருக்கக்கூடும். அதற்குப் பதிலாக வெறும் அட்டைகளைக் கத்தரித்து ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். வேண்டியதை வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளட்டும். ஒருவருக்கு ஐந்து அட்டை போதும், ஒருவருக்குப் பதினைந்து தேவைப்படும். காலிக் கட்டம் என்ற பேச்சுக்கே இடம் இருக்காது.

கூடவே, வேலையைத் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போதே வீட்டுக்கு ஒரு சின்னக் குறிப்பு அனுப்பிவிடுங்கள். என்ன செய்யப் போகிறோம், யாரைச் சேர்ப்பது என்பது வீட்டாரின் விருப்பம், எனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்; இந்த மூன்று வரி போதும். அண்மையில் ஒரு வீட்டில் சாவு நடந்திருக்கலாம். பெற்றோர் பிரிந்துகொண்டிருக்கலாம். இது உங்களுக்கு முன்பே தெரிந்தால் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் முதலிலேயே போய் உட்காரலாம். தெரியாமல் போனால் வகுப்பு நடுவில் அழுகையாகத்தான் தெரியவரும்.

தத்தெடுக்கப்பட்ட பிள்ளைக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பிள்ளையை அடிமரத்தில் வைத்து, வளர்க்கும் குடும்பத்தைக் கிளைகளாகவும், பெற்ற குடும்பத்தை வேர்களாகவும் வரைவது. ஆனால் பிள்ளையும் வீட்டாரும் அதை விரும்பினால் மட்டும்தான். வளர்க்கும் அம்மா அப்பாவை மட்டும் போடுகிறேன் என்று பிள்ளை சொன்னால் அதுவே சரியான மரம். நீங்கள் துருவிக் கேட்க வேண்டியதில்லை. இரண்டாம் திருமணம் நடந்த வீட்டில் புது அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஓர் அட்டை வைத்துப் புள்ளிக்கோடு போட்டுக்கொள்ளலாம். இறந்தவர்களின் அட்டையைக் கறுப்பாக்குவதோ சிலுவை போடுவதோ வேண்டாம். பிறந்த ஆண்டுக்குப் பக்கத்தில் இறந்த ஆண்டையும் எழுதினால் விஷயம் வந்துவிடும். நாய்க்குட்டியையும் பூனையையும் போடலாமா என்று கட்டாயம் கேட்பார்கள். போடட்டும், ஓரத்தில், கோடு இல்லாமல்.

சரி, இனி வேலைக்கு வருவோம். ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்கு உறவுப் பெயர்கள் எல்லாம் தெரியும். யார் பாட்டி, யார் மாமா என்று கேட்டால் கை நீட்டிக் காட்டிவிடும். ஆனால் அந்த வயதில் ‘பாட்டி’ என்பது ஒரு ஆளின் பெயர் மாதிரிதான். பாட்டி என்றால் அம்மாவைப் பெற்றவர், அம்மா அவருக்கு மகள், அவர் இவளைப் ‘பேத்தி’ என்று அழைப்பது அதே உறவை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்து என்பதெல்லாம் மெதுவாகத்தான் பிடிபடும். சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே 1920களிலேயே இதைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். உனக்கு எத்தனை சகோதரர்கள் என்றால் சரியாகச் சொல்லும் பிள்ளை, உன் சகோதரனுக்கு எத்தனை சகோதரர்கள் என்றால் தன்னைக் கணக்கில் விட்டுவிடும். ஒன்பது, பத்து வயதை ஒட்டித்தான் இது நன்றாகக் கைவருகிறது என்று அவர் கண்டார். ஆகவே ஏழு வயதுப் பிள்ளை தடுமாறினால் பதற வேண்டாம். குடும்ப மரம் இந்த வயதுக்கு ஏற்ற வேலையாக இருப்பதே இதனால்தான். உறவு என்பது நாம் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது என்பதை விரல் வைத்துத் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல சாதனம் கிடைக்காது.

அப்படிப் பார்க்க முடிய வேண்டுமானால் கோடுகள் சரியாக இருக்க வேண்டும். இங்கேதான் முழுக் கவனமும் தேவை. வண்ணம், இலை, ஒட்டும் படம் எல்லாம் அதற்குப் பிறகு.

கோட்டுக்கு விதி மூன்றுதான். பெற்றோர் இருவர் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுவில் ஒரு படுக்கைக் கோடு. அந்தக் கோட்டின் நடுவிலிருந்து கீழே ஒரு கோடு. அது ஒரு நீளமான கம்பியில் போய் முட்ட, அந்தக் கம்பியிலிருந்து பிள்ளைகள் எல்லாரும் தனித்தனியாகத் தொங்குவார்கள். மூத்தவர் இடது பக்கம், இளையவர் வலது பக்கம். அவ்வளவுதான். தானாக வரையவிட்டால் பிள்ளைகள் அக்காவையும் தம்பியையும் நேராகக் கோடு போட்டு இணைப்பார்கள், அப்பாவிலிருந்து சித்தப்பாவுக்கு ஒரு கோடு இழுப்பார்கள். அப்படிச் செய்தால் அப்பாவும் சித்தப்பாவும் ஏன் உறவு என்பது படத்தில் இல்லாமல் போய்விடுகிறது. இருவரும் ஒரே கம்பியில் தொங்குவதால்தான் உறவு.

இதை முதலில் வகுப்பில் எந்தப் பிள்ளையின் வீடும் அல்லாத ஒரு குடும்பத்தை வைத்துக் காட்டுங்கள். எனக்குப் பிடித்தது கியூரி குடும்பம். மேரி கியூரி (1867–1934), அவர் கணவர் பியர் கியூரி (1859–1906). இருவருக்கும் நடுவில் ஒரு கோடு. கீழே இரண்டு மகள்கள்: ஐரீன், 1897இல் பிறந்தவர், ஈவ், 1904இல் பிறந்தவர். ஐரீன் பக்கத்தில் அவர் கணவர் பிரெடெரிக் ஜோலியோ. அவர்களுக்குக் கீழே இரண்டு பிள்ளைகள்: எலென், 1927, பியர், 1932. ஏழே அட்டை, மூன்று தலைமுறை. மேரியும் பியரும் 1903இல் நோபல் பரிசு பெற்றவர்கள், மேரிக்கு 1911இல் இன்னொன்று, மகளும் மருமகனும் 1935இல் பெற்றார்கள் என்று சொன்னால் பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள். ஆனால் பாடம் அதில் இல்லை. எலெனின் அட்டை மேல் ஒரு பிள்ளையின் விரலை வைக்கச் சொல்லுங்கள். ‘ஈவ் எலெனுக்கு என்ன முறை?’ என்று கேளுங்கள். விரல் கோட்டின் வழியாகத்தான் போக வேண்டும், தாண்டிக் குதிக்கக் கூடாது. ஒரு படி ஏறினால் அம்மா ஐரீன். இன்னொரு படி ஏறினால் பாட்டி மேரி. அங்கிருந்து ஒரு படி இறங்கினால் ஈவ். அம்மாவின் தங்கை, ஆகவே சித்தி.

ஏறு, ஏறு, இறங்கு. இந்த மூன்று சொல்லைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் மரத்தில் யாரையும் தேடிப் போகலாம். கூடப் பிறந்தவர் என்றால் ஏறு, இறங்கு. தாத்தா பாட்டி என்றால் ஏறு, ஏறு. மாமா, அத்தை, பெரியப்பா, சித்தி எல்லாருக்கும் ஏறு, ஏறு, இறங்கு. அவர்கள் பிள்ளைகளுக்கு ஏறு, ஏறு, இறங்கு, இறங்கு. தாத்தா பாட்டியைத் தொடாமல் மாமாவிடம் போகவே முடியாது என்று ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்துச் சொல்லும் நேரம் வரும். அவசரப்பட்டு நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

கியூரி மரத்தில் இன்னும் இரண்டு நல்ல விஷயங்கள் உண்டு. பியர் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள், தாத்தா ஒருவர், பேரன் ஒருவர். பெயர் மட்டும் எழுதினால் குழப்பம் வரும், பிறந்த ஆண்டும் எழுத வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கிவிடும். தாத்தா பியர் 1906இலேயே இறந்துவிட்டார், பேரப்பிள்ளைகள் அவரைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் மரத்தில் அவருக்கு இடம் இருக்கிறது. வகுப்பில் யாராவது தாத்தாவையோ பாட்டியையோ இழந்திருந்தால் அந்தப் பேச்சு இங்கே இயல்பாகவே தொடங்கும்.

அப்புறம் அவரவர் மரம். முதல் அட்டை பிள்ளையுடையது, தாளின் கீழ்ப்பக்கம் நடுவில். அங்கிருந்து மேலே. தாளைப் படுக்கை வாக்கில் வையுங்கள். ஏ3 தாள் 42 செ.மீ. அகலம், தாத்தா பாட்டி வரிசையில் 7 செ.மீ. அட்டை நான்கு வைத்து இடையில் 2 செ.மீ. விட்டால் 34 செ.மீ. ஆகும், தாராளமாக அடங்கும். ஏ4 தாளிலும் 5 செ.மீ. அட்டையாக வெட்டினால் அடங்கும், ஆனால் ஏழு வயதுப் பிள்ளையின் கொட்டை எழுத்துக்கு 5 செ.மீ. போதாது. பெயர் பாதியில் மடங்கிக் கீழே போகும், பிள்ளை அழித்து அழித்து எழுதி அட்டையே கிழியும். பெரிய தாளாக வாங்கிவிடுவது நல்லது. முதல் நாள் பசை எதுவும் மேசைக்கு வரக்கூடாது. அட்டைகளை அடுக்கி, நகர்த்தி, திரும்ப அடுக்கட்டும். நகர்த்தும்போதுதான் பிள்ளைகள் யோசிக்கிறார்கள். கோட்டையும் முதலில் பென்சிலில் லேசாகப் போட்டு, விரல் நடத்திப் பார்த்துத் தவறில்லை என்று ஆன பிறகு ஸ்கெட்ச் பேனாவால் இழுக்கலாம். ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் மூன்று நான்கு வகுப்புகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை தலைமுறை என்றால், மூன்று. பிள்ளை, பெற்றோர், தாத்தா பாட்டி. ஆர்வமுள்ள பிள்ளை கொள்ளுத்தாத்தா வரை போகட்டும், மற்றவர்களை இழுக்க வேண்டாம். மாமா, அத்தை வகையறாவை முதல் சுற்றில் சேர்க்காதீர்கள் என்பது என் திட்டமான அபிப்பிராயம். ஓர் அப்பாவுக்கு ஐந்து பேர் உடன்பிறந்தவர்கள் இருந்து, அவர்கள் துணைவர்கள், பிள்ளைகள் என்று கணக்கெடுத்தால் நடு வரிசை தாளை விட்டு வெளியே போய்விடும். மூன்று தலைமுறை சரியாக நின்ற பிறகு, விரும்புபவர்கள் இரண்டு பக்கமும் தாளை ஒட்டி நீட்டிக்கொள்ளட்டும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டையில் அந்த நபரின் உண்மையான பெயர் பெரிதாக, வீட்டில் அழைக்கும் முறை கீழே சின்னதாக. பாட்டியை ஒரு வீட்டில் ஆச்சி என்பார்கள், ஒரு வீட்டில் அம்மம்மா என்பார்கள். வீட்டில் எப்படியோ அப்படியே எழுதட்டும், நீங்கள் திருத்தாதீர்கள். தன் பாட்டியின் பெயரையே முதன்முதலாக இந்த வேலைக்காகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பிள்ளைகள் நிறையப் பேர். அந்த ஒரு பெயருக்காகவே இந்த வேலையைச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றும்.

வீட்டில் விசாரித்து வருவதற்கு ஒரு பழைய உத்தி கைகொடுக்கும். டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1898இல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளுக்கு ஓர் ஆய்வுக் குழுவோடு போனார். அங்குள்ள மக்களின் வம்சாவளியைச் சேகரிக்கும்போது அப்பா, அம்மா, பிள்ளை, கணவர், மனைவி என்ற ஐந்து உறவுச் சொற்களை மட்டும் வைத்துக் கேட்டார். மாமாவா, பெரியப்பாவா என்று கேட்டால் ஒவ்வொரு சமூகத்திலும் அது ஒவ்வொரு பொருளில் வந்து குழப்பும் என்பதால் அந்தச் சொற்களை முதலில் ஒதுக்கினார். மரம் தயாரான பிறகுதான், இவரை நீ எப்படி அழைப்பாய் என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிள்ளைகளுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். நம் வீடுகளில் ரத்த உறவே இல்லாதவரையும் மாமா என்றும் அத்தை என்றும் அழைக்கிறோம். ‘மாமா யார் யார்?’ என்று கேட்டு வரச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரரும் பட்டியலில் வருவார். ‘பாட்டி, உங்கள் அம்மா பெயர் என்ன? உங்கள் பிள்ளைகள் யார் யார், மூத்தவரிலிருந்து சொல்லுங்கள்’ என்று கேட்டு வரச் சொன்னால் கோடு போடுவதற்கு வேண்டியது அப்படியே கிடைக்கும்.

பெயரோடும் ஆண்டோடும் நின்றுவிடாமல் ஒரு கதையும் கேட்டு வரட்டும். என் வயதில் நீங்கள் என்ன விளையாடினீர்கள், பள்ளிக்கு எப்படிப் போனீர்கள், எதற்குப் பயப்படுவீர்கள். ஒரு கேள்வி போதும், ஒரு வரி பதில் அட்டையின் பின்பக்கம். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் பைவுஷ் என்ற இரு உளவியலாளர்கள் 2001ஐ ஒட்டி இருபது கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை வைத்துப் பிள்ளைகளிடம் விசாரித்தார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் தெரியுமா, பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள் தெரியுமா என்கிற மாதிரிக் கேள்விகள். அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தங்களைப் பற்றிய மதிப்பும் கூடுதலாக இருந்தது. இதைப் படித்துவிட்டு இருபது பதிலையும் மனப்பாடம் செய்ய வைப்பதில் பயனில்லை. டியூக்கே அதைச் சொல்லியிருக்கிறார். பெரியவர்களோடு உட்கார்ந்து பேசும் நேரம் அந்த வீட்டில் இருக்கிறது என்பதற்கு அந்தப் பதில்கள் ஓர் அடையாளம். ஆகவே பெற்றோரே தாளில் எழுதி அனுப்பாமல், பிள்ளையே தாத்தாவிடம் போய் உட்கார்ந்தோ போனிலோ கேட்கட்டும் என்று வீட்டுக் குறிப்பில் எழுதிவிடுங்கள். ஆண்டு நினைவில்லை என்றால் ‘ஏறத்தாழ 1950’ என்று எழுதினால் போதும்.

புகைப்படம் ஒட்டுவதாக இருந்தால் நகல் மட்டும். பழைய அசல் படத்தைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். பசை பட்ட படம் போனது போனதுதான். படத்துக்குப் பதில் பிள்ளையே முகம் வரைந்தால் இன்னும் நல்லது. எல்லார் அட்டையும் ஒரே மாதிரி அழகாக இருக்கும், படம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் குறை இராது.

எட்டு வயதுப் பிள்ளைகளாக இருந்தால் கணக்கையும் இதில் கொண்டுவரலாம். பெற்றோர் 2, அவர்கள் பெற்றோர் 4, அதற்கு மேலே 8, பிறகு 16. எண் இடும் விளையாட்டு ஒன்றும் உண்டு. நான் 1, அப்பா 2, அம்மா 3. அங்கிருந்து யாருடைய அப்பாவுக்கும் அவர் எண்ணைப் போல் இரு மடங்கு, அம்மாவுக்கு அதோடு ஒன்று கூட. அம்மாவின் அப்பா 6, அவருடைய அம்மா 13. ‘11 யார்?’ என்று கேட்டால் பிள்ளைகள் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, 5இன் அம்மா, 5 என்பது 2இன் அம்மா, அப்படியானால் அப்பாவின் அம்மாவின் அம்மா என்று கத்துவார்கள். இது 1590இல் ஆஸ்திரிய வரலாற்றாளர் மிகாயெல் ஐட்சிங்கர் அச்சில் கொண்டுவந்த முறை. வம்சாவளி ஆய்வாளர்கள் இன்றும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வகுப்பில் அண்ணன் தங்கையோ ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளோ இருந்தால் அவர்கள் மரங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் மேல் வரிசை அச்சு அசலாக ஒன்றே. ஒன்றுவிட்டவர்களுக்கு நான்கில் இரண்டு தாத்தா பாட்டி பொது. பெற்றோர் தங்களுக்குள் அப்படி ஒன்றுவிட்ட உறவு என்றால் கொள்ளுத்தாத்தா வரிசையில் எட்டுப் பேருக்குப் பதில் ஆறு பேர்தான் வருவார்கள், கோடுகள் மேலே போய் ஒன்றுசேரும். பிள்ளை தப்பாகப் போட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அது சரிதான்.

பசை காய்ந்த பிறகு மரம் வரையலாம். பிள்ளை அடியில் இருப்பதால் அடிமரம் அங்கே, பெரியவர்கள் கிளைகளில். பெரியவர்கள்தானே வேர், அவர்கள் ஏன் மேலே இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் தாளைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டுங்கள். எந்தப் பக்கம் வைத்தாலும் கோடு மாறுவதில்லை என்று பார்த்துக்கொள்வார்கள். பிறகு கடைசி விளையாட்டு: விரலைத் தன் அட்டையிலிருந்து எடுத்துப் பாட்டியின் அட்டையில் வைக்கட்டும். இப்போது நீ பாட்டி. உன் மகள் யார்? உன் பேத்தி யார்? அம்மாவும் ஒரு காலத்தில் சின்னப் பிள்ளையாக இருந்தவர் என்பது சில முகங்களில் அப்போதுதான் பளிச்சென்று தெரியும்.

சுவரில் மாட்டும் படத்தில் பெயரும் பிறந்த ஆண்டும் மட்டும் இருக்கட்டும். முழுப் பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி எண், தொழில், நோய் எதுவும் வேண்டாம். தாயின் திருமணத்துக்கு முந்தைய பெயர், பிறந்த நாள் போன்றவற்றைக் கணக்குகளின் பாதுகாப்புக் கேள்வியாக வைத்திருப்பவர்கள் உண்டு, ஆகவே முடிந்த மரங்களைப் படம் எடுத்துப் பொதுவில் பகிர வேண்டாம் என்று பெற்றோருக்கும் சொல்லிவிடுங்கள். மாட்ட விரும்பாத பிள்ளையுடையதைக் காரணம் கேட்காமல் கையில் கொடுத்து அனுப்புங்கள். எல்லாத் தாள்களின் பின்பக்கமும் மூலையில் பென்சிலால் பிள்ளையின் பெயரும் செய்த தேதியும் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் குழந்தை பிறந்தால் அதற்கும் கம்பியில் வலது பக்கம் இடம் வேண்டும், அதனால் அந்த ஓரத்தில் கொஞ்சம் வெறும் தாள் விட்டு வைக்கட்டும்.